அக்காவுக்கே இருக்கட்டும்

ஆஸ்பத்திரித் துணி வந்து இறங்கியதும் கூடத்தில் முதலில் நிறைவது நாற்றம்தான். மருந்தும் வியர்வையும் சீழும், யாரோ குடிக்க மாட்டாமல் படுக்கையில் கவிழ்த்த பாலும் சேர்ந்த நாற்றம். வேலை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் மூட்டையை அவிழ்த்ததுமே வாசலைப் பார்த்து ஓடிவிடுவார்கள். பெரியவளும் சின்னவளும் அந்த மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ரொட்டியும் அவித்த முட்டையும் தின்பார்கள்.

"இந்த நாத்தம்தான் நமக்குச் சோறு போடுது, மூக்கைச் சுளிக்காத" என்பாள் பெரியவள்.

"நான் எங்கக்கா சுளிச்சேன்? முட்டைக்கு உப்புப் பத்தல, அதை யோசிச்சேன்" என்பாள் சின்னவள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். அண்ணன் தொடங்கிய சலவைக்கூடம் அது. தொடங்கி நன்றாக ஓட ஆரம்பித்த நேரத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கூடத்தை நடத்தியது இரண்டு பெண்கள். தம்பி வண்டி ஓட்டினார். அழுக்கை ஏற்றிவந்து வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. யார் என்ன சொன்னாலும் 'சரி சரி' என்று தலையாட்டுவதால் அவருக்குத் தெருவில் பெயரே சரிக்காரர்தான். பெண்டாட்டி திட்டினாலும் அதே இரண்டு சரிதான் வரும்.

தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு கோடியில் பாய்லர், அதை ஒட்டி ஆளுயரத்துக்கு வட்டக் கதவு வைத்த இரண்டு சலவை மெஷின்கள், நடுவில் பிழிகிற மெஷின், மறுகோடியில் ஈரமான படுக்கைத் துப்பட்டியைச் சூடான உருளைக்கு அடியில் விட்டு மொடமொடவென்று வெளியே எடுக்கும் மெஷின். மழைக்காலத்தில் உள்ளே நின்றால் ஆவியும் வெளியே நின்றால் சாரலுமாக எங்கே நின்றாலும் நனைந்துதான் ஆகவேண்டும். கூடத்தை ஒட்டிய மாடியில் வாடகைக் குடித்தனம். அடுப்பு இரண்டு, சாப்பாட்டு மேஜை ஒன்று.

காலையில் மூட்டைகளைப் பெரியவள் இரண்டு குவியலாகப் பிரிப்பாள். எந்தக் குவியல் யாருக்கு என்பதைச் சின்னவள்தான் சொல்ல வேண்டும். பிரிக்கிறவளுக்கு எடுக்கும் உரிமை கிடையாது, எடுக்கிறவளுக்குப் பிரிக்கும் உரிமை கிடையாது. ஆபரேஷன் அறைத் துணி வந்தால் அதற்கு இரட்டை வேலை, ரத்தக் கறை பச்சைத் தண்ணீரில் ஊறித்தான் போகும். ஜன்னல் திரைகள் என்றால் சும்மா அலசிப் போட்டுவிடலாம். பெரியவள் கொஞ்சம் ஏமாற்றிப் பிரித்தாலும் நல்ல குவியலைச் சின்னவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்பதால், நகைக்கடைத் தராசில் நிறுப்பவரைக் காட்டிலும் கவனமாகப் பிரிப்பாள். வந்த புதிதில் போட்ட ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு தானாக வந்து உட்கார்ந்த வழக்கம் இது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. அதன் பிறகு வேலையை வைத்து அவர்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது.

சாப்பாட்டு மேஜையில் வேறு வழக்கம். கடைசி ரொட்டித் துண்டு தட்டில் கிடக்கும். "நீ எடுத்துக்கோ" என்பாள் பெரியவள். "எனக்கு வேண்டாம், அக்காவுக்கே இருக்கட்டும்" என்பாள் சின்னவள். "எனக்கு வயிறு நெறைஞ்சிடுச்சு" என்று பெரியவள் பொய் சொல்வாள். சின்னவளும் ஒரு பொய் சொல்வாள். இப்படி இரண்டு சுற்று போனபிறகு பெரியவள் அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைச் சின்னவள் தட்டில் போடுவாள். சரிக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு பெண்களும் அவரைப் பார்த்த பார்வையில் விழுங்குவதற்கு அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்தது.

சரிக்காரர் அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பெரியவள்தான் வெளியே வந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"இனிமே தனி ஆளுங்களுக்குத் துணி தரமாட்டாங்களாம் அண்ணி. கம்பெனியா இருந்தாத்தானாம். பதிவு பண்ணின கம்பெனி. பில்லு கம்பெனி பேர்ல வரணும், பணம் கம்பெனி கணக்குக்குத்தான் போகும்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரி சரின்னேன்."

பெரியவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் துணி போனால் கூடத்தை மூட வேண்டியதுதான்.  உள்ளே திரும்பி, "ஏய் சின்னவளே, மெஷினை நிறுத்திட்டு வா, நாம கம்பெனியாகப் போறோம்" என்றாள்.

ஆடிட்டரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டு ஒடுக்கம். மேலே போனால் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நல்ல மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே இல்லை, அதுதான் இதில் உள்ள கொடுமை. அவர் டீ வரவழைத்துக் கொடுத்து நிதானமாகச் சொன்னார்.

"கம்பெனின்னா அது ஒரு தனி ஆள் மாதிரி. நீங்க வேற, அது வேற. கடன் வந்தா அது அதோட கடன், உங்க கடன் இல்ல. சொத்து இருந்தா அது அதோட சொத்து, உங்க சொத்து இல்ல. நாளைக்கு நீங்க இல்லாமப் போனாலும் அது இருக்கும்."

"அப்ப அந்த ஆளுக்குச் சாப்பாடு யாரு போடறது?" என்றாள் பெரியவள்.

"நீங்கதான்" என்று சிரித்தார் ஆடிட்டர்.

"பாத்தியா சின்னவளே, இன்னொரு வாய்."

பெயர் வைப்பதில் பாதி நாள் போனது. வெள்ளை, தூய்மை, பளபளப்பு என்று அவர்கள் சொன்ன எல்லாப் பெயரையும் ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். "இத்தனை பேரு சுத்தமாவா இருக்காங்க?" என்று பெரியவள் ஆச்சரியப்பட்டாள். கடைசியில் ஆடிட்டரே ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தார். இருவருக்கும் அது வாயில் நுழையவில்லை, ஆனால் யாரும் எடுக்காத பெயர். பிறகு கம்பெனி என்ன தொழில் செய்யும் என்று எழுதினார். எந்த முகவரியில் இருக்கும் என்று எழுதினார். இயக்குநர்கள் இருவர், பெரியவளும் சின்னவளும். மெஷின்கள், பாய்லர், வண்டி எல்லாம் கம்பெனி பேருக்கு மாறும் என்றார். புகைப்படம் எடுத்துவரச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனார்கள். போட்டோவில் இரண்டு பேரும் திருட்டு வழக்கில் மாட்டியவர்களாகத்தான் தெரிந்தார்கள் என்று சின்னவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்னால்தான் ஆடிட்டர் கேட்டார்.

"பங்கு எப்படிப் பிரிக்கறீங்க? மொத்தம் நூறு பங்குன்னு வச்சுக்கலாம்."

"பாதி பாதி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதி பாதின்னா ஒரு சங்கடம் இருக்கு. நாளைக்கு ஒரு விஷயத்துல ஒருத்தர் ஆமாங்கறீங்க, ஒருத்தர் இல்லைங்கறீங்க. கம்பெனி அங்கயே நின்னு போயிடும். ஒருத்தர் பேர்ல அம்பத்தொண்ணு, ஒருத்தர் பேர்ல நாப்பத்தொம்பதுன்னு வச்சா அந்தத் தொல்லை இல்ல. லாபத்துல பெரிய வித்தியாசம் ஒண்ணும் வராது."

"எங்களுக்குள்ள ஆமா இல்லன்னெல்லாம் வராதுங்க" என்றாள் பெரியவள்.

"வராதுதான். இருந்தாலும் காகிதத்துல ஒருத்தர் பேர் எழுதணுமே."

"அக்காவுக்கே இருக்கட்டும்" என்றாள் சின்னவள்.

சொன்னது அவள் வாய். யோசித்துச் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாக மேஜையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. இனிமேல் பெரியவள் 'இல்ல, உனக்கே இருக்கட்டும்' என்பாள். தான் 'அதெல்லாம் இல்லக்கா' என்று மறுக்க வேண்டும். இரண்டு சுற்று போனபிறகு பெரியவள் ஆடிட்டரிடம் 'பாதி பாதியே போடுங்க, வர்ற சங்கடம் வரட்டும்' என்று சொல்லிவிடுவாள். சின்னவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். டீக்குவளையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சுற்றுக்கு வாயைத் தயார் செய்துகொண்டும் இருந்தாள்.

பெரியவள் திரும்பி அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியது. பிறகு, "சரி" என்றாள்.

ஆடிட்டர் தட்டச்சு செய்துவிட்டார்.

"இன்னொண்ணு" என்றார் அவர். "ஒருத்தர் பங்கை விக்கறதா இருந்தா முதல்ல இன்னொருத்தர்கிட்டதான் கேக்கணும், அவங்க வேண்டாம்னாத்தான் வெளியாளுக்குக் கொடுக்கலாம்னு ஒரு விதி சேர்க்கலாம். சேர்க்கட்டுமா?"

இந்தத் தடவை பெரியவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? நாங்க என்ன அந்நியமா? அப்படி ஒண்ணை எழுதி வச்சா நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் எப்படி முழிக்கறது?"

"அதெல்லாம் வேண்டாங்க" என்றாள் சின்னவளும். அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அக்காவைச் சந்தேகப்படுகிற காரியம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆடிட்டர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கடைசி ரொட்டித் துண்டுக்கு வழக்கமான சுற்று நடந்தது. பெரியவள் பிய்த்துப் பாதி கொடுத்தாள். சின்னவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். பெரியவள் நாளைக்கு வரப்போகிற துணியைப் பற்றிப் பேசினாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

"வாங்கிக்கிட்டாங்களே" என்றாள் சின்னவள் தன் கணவனிடம். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்லலையே."

"ஒரு பங்குதான" என்றார் சரிக்காரர்.

"ஒண்ணுதான். அந்த ஒண்ணை எனக்குக் கொடுக்க மனசு வரலைல்ல?"

"நீதான குடுத்த?"

"குடுத்தா வாங்கிக்கறதா?"

சரிக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். 

கம்பெனி பிறந்தது. ஆஸ்பத்திரி முன்னைவிட அதிகமாகத் துணி அனுப்பியது. வாசலில் வாயில் நுழையாத பெயரோடு பலகை மாட்டினார்கள். பெரியவள் எதுவும் மாறவில்லை என்றுதான் நினைத்தாள். காலையில் குவியல் பிரித்தாள். சின்னவளோ, "எதை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"இது என்ன புதுசா?"

"இல்லக்கா, நீங்க சொன்னா சரியா இருக்கும்."

முதல் தடவை பெரியவள் சிரித்தாள். இரண்டாம் தடவை முறைத்தாள். பிறகு, துணி காத்துக்கிடக்கிறதே என்று, "இதை எடுத்துக்கோ" என்று சொல்லத் தொடங்கினாள். சின்னவள் பாய்லரை அணைப்பதற்கு முன் கேட்டாள். சோப்புத்தூள் மூட்டை பிரிப்பதற்கு முன் கேட்டாள். தலைவலி என்று மாடிக்குப் போவதானால், "போகட்டுமாக்கா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள். அதில் மரியாதை கொஞ்சமும் குத்தல் நிறையவும் இருந்தது. குத்தல் தைக்கும், அக்கா ஒருநாள் 'இப்படியெல்லாம் என்னைக் கேக்காத, நாளைக்கே போய்ப் பாதியா மாத்திடலாம்' என்று வெடித்துவிடுவாள் என்று அவள் கணக்குப் போட்டாள். பெரியவளுக்கு அது தைக்கவே இல்லை. சின்னவளுக்கு வயசாகிறது, பொறுப்பை என் தலையில் வைக்கிறாள், வைக்கட்டும் என்று எடுத்துக்கொண்டாள். கேட்டவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கும் பழகிப்போனது. ஒருநாள் சின்னவள் கேட்காமல் உருளையை நிறுத்திவிட, "யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

துப்பட்டி மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று உதறி, மடித்து, நடந்து வந்து முனைகளைக் கையோடு கை சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். இப்போது முனைகள் சேர்ந்தன, பேச்சு இல்லை. ஆவியில் முகம் வியர்த்து வழிய, சின்னவள் பெரியவளின் கைகளை மட்டும் பார்த்தாள். அந்தக் கைகள் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. வெளுக்கும் மருந்து தின்று தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. முன்பென்றால் சின்னவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து தடவிவிட்டிருப்பாள். இப்போது, கேட்டால் தடவலாம் என்று இருந்தாள். பெரியவள் கேட்கவில்லை. இதை நினைத்துச் சின்னவள் பிறகு எவ்வளவு அழுதாள் என்பது அவளுக்கும் தலையணைக்கும்தான் தெரியும்.

வைத்தியர் பெரியவளின் கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி மருந்துத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார். தூரத்து ஊரில் இருந்த அவளுடைய மகள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய சலவைக் கம்பெனியின் மேனேஜர் கூடத்துக்கு வந்து போனார். சிரித்த முகம், சலவை மடிப்புக் கலையாத சட்டை. துணி விஷயமாக வந்திருப்பார் என்று சின்னவள் உருளையை விட்டு நகரவில்லை. யார், என்ன என்று கேட்டிருக்கலாம். நானூறு விஷயத்துக்கு அனுமதி கேட்டவள் அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

ஒரு மழை நாள், ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவள் சொன்னாள். "சின்னவளே, நான் மக வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்."

"போயிட்டு எப்ப வருவீங்க?"

"வரமாட்டேன். என் பங்கை, அன்னிக்கு வந்தாரே மேனேஜர், அவங்க கம்பெனிக்கு விலைக்குக் குடுத்துட்டேன். நேத்துதான் கையெழுத்துப் போட்டேன். முன்னாடியே சொன்னா நீ அழுவ, நான் போகமாட்டேன். அதான்."

சின்னவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பின் மேல் வைத்தாள். ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் அதைத் திருப்பவில்லை.

"குடுத்துட்டீங்களா?"

"என் பாதியைத்தாண்டி. உன் பாதி உங்கிட்டயேதான இருக்கு? அதுல நான் கைவைப்பேனா? அவர்கிட்டயும் கேட்டுட்டேன், எங்க சின்னவ பங்கு என்ன ஆகும்னு. 'அது அவங்களுக்கே இருக்கட்டும்மா'ன்னுட்டார். எவ்வளவு பெரிய மனசு பாரு."

மறுநாளே சின்னவளும் சரிக்காரரும் மருந்துக்கடைப் படியேறினார்கள். ஆடிட்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கம்பெனிக் காகிதங்களைத் தேடி எடுத்தார். டீ வரவழைக்க மறந்துவிட்டார்.

"அம்பத்தொண்ணு அவங்ககிட்டப் போயிடுச்சு. இனிமே கம்பெனி என்ன செய்யணும்கறதை அவங்கதான் தீர்மானிப்பாங்க. யாரு இயக்குநர், எங்க தொழில் நடக்கும், யாருக்கு என்ன சம்பளம், எல்லாம்."

"என் நாப்பத்தொம்பது?"

"அது உங்களோடதுதான்."

"அதை வச்சு நான் என்ன செய்யலாம்?"

"லாபத்தைப் பிரிச்சா உங்களுக்குப் பங்கு வரும்."

"பிரிப்பாங்களா?"

"பிரிக்கறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

"வித்துடலாமா?"

"யாரு வாங்குவா? அம்பத்தொண்ணு வச்சிருக்கறவனுக்கு இது தேவையில்ல. மத்தவனுக்கு இது பிரயோஜனம் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "வழக்குப் போடலாம். நாளாகும். செலவாகும். ஜெயிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு அந்த விதியைச் சேர்க்கட்டுமான்னு கேட்டேன்…"

"கேட்டீங்க" என்றாள் சின்னவள். "மெஷினாவது எங்களோடதா?"

"மெஷின் கம்பெனியோடதும்மா."

சரிக்காரர் வழக்கம்போல 'சரி' என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பெரியவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்ததால் முடிச்சு போட வரவில்லை. சின்னவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அன்னிக்கு அந்த ஒரு பங்கை ஏன்கா வாங்கிக்கிட்டீங்க?"

"எந்தப் பங்கு?"

"அம்பத்தொண்ணு. நான் அக்காவுக்கே இருக்கட்டும்னு சொன்னேன். நீங்க ஒரு தடவை வேண்டாம்னு சொல்லியிருந்தா எல்லாம் பாதி பாதியா முடிஞ்சிருக்கும். ஒரே ஒரு தடவை."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீ குடுத்தேன்னுதான் வாங்கினேன். என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்குன்னு யாருடி எதை விட்டுக்கொடுத்தாங்க? ஒரு வெளியாள் முன்னாடி, யோசிக்காம, டக்குன்னு அக்காவுக்கே இருக்கட்டும்னு நீ சொன்னப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. வேண்டாம்னு சொன்னா உன் மனசு நோகுமேன்னு நினைச்சேன். ரொட்டித் துண்டுக்குச் சொல்ற மாதிரியா அதைச் சொன்ன?"

ஆமாம் என்று சொல்வதுதான் நியாயம். ரொட்டித் துண்டுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கன்னத்தில் அறைந்திருப்பார்கள். எதுவாக இருந்தாலும் ஒரு வழி பிறந்திருக்கலாம். சின்னவள் பெரியவளின் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளோடு அவளை இங்கேயே இருந்து துவை என்று சொல்ல முடியாது. அவள் மனதில் இருக்கிற ஒரே நல்ல நினைவைப் பொய் என்று சொல்லியும் அனுப்ப முடியாது.

"இல்லக்கா. மனசாரத்தான் சொன்னேன்" என்றாள் சின்னவள். குனிந்து பெட்டிக்கு முடிச்சு போட்டாள்.

பெரியவள் போன அடுத்த வாரமே கூடத்தில் கூட்டம் நடந்தது. நாற்காலி இரண்டுதான் இருந்தது. மேனேஜர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மற்றதைச் சின்னவளுக்குக் காட்டினார். அவள் உட்காரவில்லை. மேனேஜர் வாசித்தார். இந்தக் கூடத்தை மூடிவிடுவது. மெஷின்களை மேனேஜர் கம்பெனியின் பெரிய கூடத்துக்குக் கொண்டுபோவது. ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை அங்கிருந்தே நடத்துவது. விருப்பப்பட்டால் பழைய ஆட்கள் அங்கே மடிக்கிற பிரிவில் தினக்கூலிக்கு வரலாம்.

"உங்க கருத்தையும் சொல்லுங்கம்மா. உங்களுக்கு உரிமை இருக்கு."

"கூடாது" என்றாள் சின்னவள்.

"எழுதிக்கறேன்." உண்மையிலேயே எழுதிக்கொண்டார். அவள் சொன்னதற்கு நேராக ஒரு கோடு, தன்னுடையதற்கு நேராக ஒரு கோடு. "தீர்மானம் நிறைவேறிச்சு."

வெளியே லாரி நின்றிருந்தது. ஆட்கள் மெஷினின் கால் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சரிக்காரர் வண்டிச் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு எங்கே கை வைப்பதென்று தெரியாமல் நின்றார். பாதி வழியில் ஒரு ஆளுக்குக் கால் வழுக்கி மெஷின் ஒருபக்கம் சாய்ந்தது.

"பாத்து! பாத்துப்பா, கதவுப் பக்கம் பிடி, கீழ போட்டுடாத!" என்று கத்திக்கொண்டே சின்னவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள்.

"நீங்க தள்ளுங்கம்மா" என்றான் அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே. "பயப்படாதீங்க, எங்க சொந்தப் பொருள் மாதிரி கொண்டுபோவோம்."

அவள் தள்ளி நின்றாள். உருளை மெஷின் போனது, பிழிகிற மெஷின் போனது. பாய்லரைக் கழற்றியதும் சுவரில் கரிய வட்டம் ஒன்று தெரிந்தது. லாரி போனபிறகு கூடத்தில் பேசினால் எதிரொலித்தது.  மாடிக்குப் போய்ச் சின்னவள் அடுப்பைப் பற்றவைத்தாள். எதற்குப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் அதன் முன்னால் நின்றாள். இனி இந்த மாடிக்கு வாடகை எங்கிருந்து வரும், நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்வது, தன் வேலையைத் தானே கூலிக்குக் கேட்டு யார் வாசலில் நிற்பது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.  செத்தவர் வீட்டில்கூட மறுநாள் செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கும்.

போன் அடித்தது. பெரியவள்தான்.

"எப்படிடி இருக்க? இங்க குழந்தை ஒரே சேட்டை. கை கொஞ்சம் ஆறுது. ராத்திரி தூக்கம் வருது, நம்ப மாட்ட. நம்ம கடை எப்படிப் போகுது?"

சரிக்காரர் சின்னவளைப் பார்த்தார். சொல்லு என்று தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் யாரையோ ஒன்றைச் செய்யச் சொன்னார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். 

"நல்லாப் போகுதுக்கா" என்றாள். "நீங்க கையைப் பாத்துக்கங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்கா."

"அப்பாடா" என்றாள் பெரியவள். "எனக்குத் தெரியும். அந்த மனுஷன் நல்லவன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

சின்னவள் ஆமாம் என்றாள். அவள் எதைச் சொன்னாலும் பெரியவள் அப்படியே நம்பிவிடுகிறாள்.